வாலை வடிக்கக் கற்றல்

சோறு கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்தால், அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் முத்து முத்தாகத் திரண்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பானையில் இருப்பது கலங்கிய கஞ்சி. மூடியில் இருப்பதோ தெளிந்த நீர். கஞ்சியின் மாவெல்லாம் பானையிலேயே தங்கிவிட, நீர் மட்டும் ஆவியாக மேலெழுந்து, குளிர்ந்த மூடியைத் தொட்டவுடன் மீண்டும் நீராகிவிடுகிறது. வாலை என்னும் கருவியின் தத்துவம் முழுவதும் இந்த மூடியில் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளைச் சூடேற்றி ஆவியாக்குவது, அந்த ஆவியைக் குளிர்விப்பது, குளிர்ந்து இறங்கும் நீர்மத்தை வேறொரு கலத்தில் பிடித்துக்கொள்வது ஆகிய மூன்று செயல்களையும் முறையாகச் செய்வதற்கு அமைந்த கருவியே வாலை.

வாலை நமக்குப் புதிய பொருளன்று. சித்த மருத்துவத்தில் வாலையிலிட்டு வடித்த நீருக்குத் தீநீர் என்று பெயர். தீயின் உதவியால் கிடைத்த நீர் என்று பொருள் கொள்ளுமாறு அமைந்த அழகிய சொல் அது. குழந்தைகள் உள்ள வீடுகளில் ‘ஓமவாட்டர்’ என்று வழங்குகிறதே, அதுதான் ஓமத் தீநீர். திருமண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீரும் ரோஜா இதழ்களிலிருந்து வாலை வழியே வடிந்த நீரே.

பிற நாடுகளிலும் இக்கலை மிகப் பழமையானது. எகிப்து நாட்டில் வாழ்ந்த ஜோசிமோஸ் என்ற ரசவாதி, தமக்கு முன்பு வாழ்ந்த மரியா என்னும் யூதப் பெண்மணி மூன்று குழாய்களையுடைய ஒரு வாலையை விவரித்ததாகக் குறித்துள்ளார். பாத்திரத்தை நேரே தீயில் வைக்காமல் வெந்நீரில் அமர்த்திச் சூடேற்றும் முறை இன்றும் பிரெஞ்சு மொழியில் அப்பெண்மணியின் பெயராலேயே வழங்குகிறது. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய அறிஞர் அல் கிந்தியின் பெயரால் வாசனைப் பொருள்களை வடிப்பதைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் செம்புக் கொப்பரையும் மூங்கிற் குழாயும் கொண்டு இன்றும் அத்தர் வடிக்கிறார்கள்.

நான் கல்லூரியில் வேதியியல் பயின்றவன். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி வாலையைப் பலமுறை கையாண்டதுண்டு. ஆனால் வீட்டு அடுப்பில் ஏற்றும் செம்பு வாலையை எவ்வாறு ஆள்வது என்பதை, என் படிப்பு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த முதிய சித்த மருத்துவர் ஒருவரிடமே கற்றேன். அவர் தீ மூட்டுவதற்கு முன் என்னிடம் நான்கு கேள்விகளைக் கேட்பார். “ஆவி எங்கே போகும்? சூடு எங்கே போகும்? நீ எங்கே இருப்பாய்? பானையில் இருப்பது என்ன?” இந்த நான்குக்கும் தெளிவான விடை சொன்ன பிறகே நெருப்புப் பெட்டி என் கைக்கு வரும். வாலையால் நேரும் தீங்குகளை எண்ணிப் பார்த்தால், அவை யாவும் இந்த நான்கு கேள்விகளுள் ஏதோ ஒன்றைக் கேளாமல் விட்டதனால் நேர்ந்தவையே என்பது விளங்கும். ஆகையால் அந்த வரிசையிலேயே இப்பொருளை விளக்க விரும்புகிறேன்.

முதற் கேள்வி, ஆவி எங்கே போகும் என்பது.

ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறிய செம்பில் அடங்கிய நீர் எட்டுப் பெரிய பீப்பாய்களை நிரப்பும் அளவுக்கு விரிகிறது என்றால் அதன் வலிமையை எண்ணிப் பாருங்கள். வெளியேற வழி இருக்கும் வரையில் ஆவி சாதுவாகவே செல்லும். வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். கலத்தின் மூட்டுகளில் எது வலுவற்றதோ அது பிளந்து, கொதிநீரும் ஆவியும் வெளியே பாயும். அடுக்களையில் நாம் பயன்படுத்தும் பிரஷர் குக்கர் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே கனத்த உலோகத்தால் செய்யப்பட்டது. மிகையான ஆவியை வெளியேற்ற ஒரு குண்டும், அதுவும் தவறினால் திறந்துகொள்ள ஒரு காப்பு அடைப்பும் அதில் உண்டு. வாலைக்கு அத்தகைய அமைப்பு இல்லை. வாலை ஒருபோதும் அழுத்தக் கலமாக மாறலாகாது. அதன் கடைசி முனை எப்பொழுதும் காற்றை நோக்கித் திறந்தே இருக்க வேண்டும்.

என் ஆசிரியர் வாலையைப் பூட்டி முடித்ததும், “தம்பி, முதலில் ஊதிப் பார்” என்பார். நீர் சொட்டும் முனையில் வாயை வைத்து ஊதினால், காற்றுத் தடையின்றிக் கலத்தினுள் செல்ல வேண்டும். குழாய்க்குள் பூச்சி கூடு கட்டியிருக்கலாம். சென்ற முறை வடித்த சரக்கின் துணுக்கு காய்ந்து ஒட்டியிருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக் காற்றில் தெரிந்துகொள்ளக் கூடியதை, தீ எரியும்போது வெடிப்பின் வாயிலாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை அல்லவா?

கலத்தை எவ்வளவு நிரப்புவது என்பதும் இக்கேள்வியைச் சார்ந்ததே. ஓமம் நீரில் ஊறினால் உப்பும். ரோஜா இதழ்கள் கொதியில் மேலெழுந்து மிதக்கும். விளிம்பு வரையில் நிரப்பிவிட்டால் நுரையும் இதழும் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். ஆதலின் கலத்தில் மூன்றில் இரு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. நுரைக்கும் சரக்காயின் பாதியே போதும். தனி நீரை வடிக்கும்போது வேறொரு தொல்லை உண்டு. சில வேளைகளில் அது அமைதியாகக் கிடந்து, திடீரென்று ஒரே துள்ளலாகக் கொதித்தெழும். மெருகிடாத பீங்கான் ஓட்டின் சில துண்டுகளைத் தீ மூட்டுவதற்கு முன்பே உள்ளே இட்டுவிட்டால், குமிழிகள் அவற்றின் நுண்துளைகளிலிருந்து சிறிது சிறிதாகப் பிறந்து கொதி சீராகும். நீர் சூடேறிய பின்பு அத்துண்டுகளை இட்டால் அதுவே பெருந்துள்ளலை உண்டாக்கும் என்பதையும் மறக்கலாகாது.

மூட்டுகளை அடைக்கும் முறையிலும் பழையவர்களின் அறிவு விளங்குகிறது. துணியில் குழைத்த மண்ணைத் தடவிச் சுற்றும் சீலைமண் முறையைச் சித்த நூல்கள் கூறும். வீட்டு வாலைக்குக் கோதுமை மாவை நீர்விட்டுக் கெட்டியாகப் பிசைந்து மூட்டைச் சுற்றி அப்புவது வழக்கம். சூட்டில் அது இறுகி ஆவி கசியாமல் காக்கும். அதே வேளையில், உள்ளே அழுத்தம் மிகுந்தால் செம்பு பிளப்பதற்கு முன் மாவு விரிசல் விடும். நான் ஒரு நாள், “ஐயா, இதனினும் வலுவான பசை கடையில் கிடைக்கிறதே” என்றேன். “வலுவில்லாமல் இருப்பதுதான் இதன் குணம்” என்று சிரித்தார் அவர்.

இனி, இரண்டாம் கேள்வி: சூடு எங்கே போகும்?

100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள ஒரு கிராம் நீரை அதே 100 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். வெப்பமானி ஏறாமல் நிற்க, இவ்வளவு வெப்பமும் ஆவிக்குள் மறைந்து உறைகிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆவி மீண்டும் நீராகும்போது கடன் வாங்கிய அந்த 540 கலோரியையும் எதனிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். குளிர்கலத்தில் உள்ள தண்ணீர் அதை ஏற்றுக்கொள்கிறது. தண்ணீர் இல்லையென்றால் நம் கை ஏற்றுக்கொள்ளும்! கொதிநீர் ஒரு கிராம் கையில் பட்டு உடல் வெப்பத்துக்குக் குளிரும்போது 63 கலோரி தருகிறது. ஒரு கிராம் ஆவி பட்டாலோ, 540-உம் அந்த 63-உம் சேர்ந்து 600 கலோரிக்கு மேல் தாக்குகிறது. ஆவிச் சுடு கொதிநீர்ச் சுடுவினும் பன்மடங்கு கொடியது என்று சொல்வதன் காரணம் இதுவே.

இதிலிருந்து எளிய கணக்கு ஒன்றைப் போடலாம். ஒரு லிட்டர் நீரை வடித்து அதை 40 டிகிரிக்குக் குளிர்விக்க, உள்ளுறை வெப்பம் 540-உம், 100-லிருந்து 40 வரை இறங்கும் வெப்பம் 60-உம் ஆக 600 கிலோகலோரியை நீக்க வேண்டும். சுருள் குழாய் அமிழ்ந்துள்ள தொட்டியில் 25 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதன் வெப்பம் 24 டிகிரி உயரும். காலையில் 30 டிகிரியாக இருந்த தொட்டி நீர் ஒரு லிட்டர் வடிந்து முடிவதற்குள் 54 டிகிரியை எட்டிவிடும். அதற்குப் பின்னும் அதையே நம்பியிருந்தால் முனையில் நீர் சொட்டுவது குறைந்து ஆவி சீறத் தொடங்கும். ஆகவே தொட்டி நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னோசித் தொழிலாளரும் ஆவியைப் பிடிக்கும் செம்புக் குடத்தை நீர்த் தொட்டியில் அமர்த்தி, நீர் சூடேறாமல் காத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குளிர்விப்பானில் உட்குழாயில் ஆவியும் வெளிக்குழாயில் நீரும் ஓடும். அதற்கு ஜெர்மன் விஞ்ஞானி லீபிக்கின் பெயர் வழங்குகிறது. அதைப் பரப்பியவர் அவரேயாயினும், வைகல் என்பவர் 1771-இலேயே அதனை விவரித்திருக்கிறார். அதில் தண்ணீரைக் கீழ்முனையில் செலுத்தி மேல்முனையில் வெளியேற்ற வேண்டும். மேலிருந்து விட்டால் வெளிக்குழாய் முழுதும் நிரம்பாது. காற்று தங்கிய இடத்தில் குளிர்ச்சியும் இராது.

தீயைவிடத் தண்ணீர் முந்த வேண்டும் என்பது மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய விதி. குளிர்நீர் ஓடத் தொடங்கிய பின்னரே அடுப்பை மூட்ட வேண்டும். அடுப்பை அணைத்துச் சொட்டு நின்ற பின்னரே குளிர்நீரை நிறுத்த வேண்டும். முனையிலிருந்து விழும் நீர் விரலுக்கு இதமாக இருக்குமாறு தீயை அளவாக வைத்துக்கொள்வதே வடிப்பவனின் திறமை. மெல்லிய தீ, நிறைந்த குளிர்ச்சி, எண்ணி விடலாம் போன்ற சொட்டு! விரைவை விரும்புகிறவனுக்கு வாலை ஏற்ற கருவியன்று.

மூன்றாம் கேள்வி, நீ எங்கே இருப்பாய் என்பது. இதற்கு ஏற்ற விடை ஒன்றுதான்: வாலையின் அருகிலேயே இருப்பேன்.

அடுப்பில் வாலை இருக்கையில் தொலைபேசி மணி அடிக்கலாம்; வாசலில் யாரேனும் அழைக்கலாம். அப்பொழுது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். கவனிப்பாரின்றி விட்டால் கலத்து நீர் வற்றும். அடியில் உள்ள சரக்குத் தீய்ந்து கருகும். வடித்த நீரெல்லாம் கருகல் நாற்றம் பெறும். நீர் வற்றிய கலம் மிகச் சூடேறி ஈயப் பற்று உருகும். முதலில் ஊற்றிய நீரில் கால் பங்காவது கலத்தில் எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. சொட்டும் முனை, வடிந்த நீருக்குள் அமிழ்ந்திருக்கலாகாது. அடுப்பை அணைத்ததும் கலத்தில் உள்ள ஆவி குளிர்ந்து சுருங்கும். 1,600 லிட்டர் ஆவி ஒரு லிட்டர் நீராகச் சுருங்கினால் எஞ்சிய இடம் வெற்றிடமன்றோ? அந்த வெற்றிடம் வடிந்த நீரைக் குழாய் வழியே பின்னோக்கி உறிஞ்சிக்கொள்ளும். சூடான கண்ணாடிக் கலமாயின் குளிர்நீர் பட்டவுடன் விரிசல் விடும். ஆகையால் முனைக்கும் நீருக்கும் இடையே எப்பொழுதும் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். மூடியையும் கலம் ஆறிய பின்பே திறக்க வேண்டும்.

வாலை செய்யப்பட்ட உலோகமும் கவனிக்க வேண்டியது. செம்பு வெப்பத்தை நன்கு கடத்தும். ஆயினும் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். எனவே வடித்து முடித்ததும் துலக்கி உலர்த்த வேண்டும். எவர்சில்வர் கலத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாம் பேச்சு வழக்கில் ஈயம் என்னும் ஒரே சொல்லால் இரு பொருள்களைக் குறிக்கிறோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது தீங்கற்றது. காரீயமோ நஞ்சு, சிறுகச் சிறுக உடலில் சேர்ந்து மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும். காரீயம் கலந்த பற்று வைத்த குழாய்களையும், பழைய மோட்டார் வண்டியின் ரேடியேட்டரையும் வாலையில் பொருத்துவது நஞ்சைத் தேடிப்போய் வாங்குவதாகும்.

நான்காம் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. பானையில் இருப்பது என்ன?

வாலை நன்மை தீமை அறியாது. எது எளிதில் ஆவியாகுமோ அதை அது மேலே அனுப்பும். உப்பும் சுண்ணாம்பும் ஆவியாகா. ஆதலால் உவர்நீரை வடித்தால் நன்னீர் கிடைக்கும். ஆனால் அதே நீரில் பெட்ரோல் கலந்திருந்தால் அதுவும் நீருடனோ நீருக்கு முன்னதாகவோ ஏறி வந்துவிடும். வாலை வழியே வந்ததெல்லாம் தூயது என்று எண்ணுவது பிழை.

ஓமத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மணத்துக்குக் காரணமான பொருள் தைமால். ஓம உப்பு என்று கடைகளில் விற்பது அதுவே. அது தனியாகக் கொதிக்க 232 டிகிரி வெப்பம் வேண்டும். அவ்வாறாயின் 100 டிகிரியைத் தாண்டாத ஓமத் தீநீர்க் கலத்திலிருந்து அது எவ்வாறு வெளியேறுகிறது? நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றும் தனித்தனியே தன் ஆவியழுத்தத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமானவுடன் கொதி தொடங்கிவிடுகிறது. கனத்த பெட்டியை இருவர் சேர்ந்து தூக்குவது போல, நீராவியின் பெருவலிமையோடு எண்ணெயின் சிறுவலிமையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே 100 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய், கருகாமல் நீராவியோடு வந்துவிடுகிறது. ரோஜா, சந்தனம், எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் எண்ணெய்களும் இவ்வகையிலேயே கிடைக்கின்றன. வீட்டில் வடித்த தீநீரில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்பதை நம்மால் அளந்தறிய இயலாது. ஆதலால் கற்பதற்கு வடித்ததைக் குழந்தைக்கு மருந்தாகக் கொடுத்தல் ஆகாது. மருத்துவரே அதற்கு உரியவர்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், வண்ணப்பூச்சு கரைப்பான், அமிலம் ஆகியவற்றை வீட்டு வாலையில் இடவே கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொன்று சாராயம்.

சாராயமும் வாலையில் வடிவதே. அதன் சத்தான எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. அதன் ஆவி காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து அடுப்பைத் தேடிச் செல்லும். தூய எத்தனால் ஏறத்தாழ 13 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் நாட்டு வெயிலில் அது எப்போதும் தீக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. நியூசிலாந்து நாட்டில் 1996 முதல் ஒருவர் தம் சொந்தப் பயனுக்காக வீட்டில் வடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் அனுமதியில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது வடிப்பது குற்றம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆவியின் இயல்போ எங்கும் மாறாது.

எத்தனாலுக்கு உடன்பிறப்புப் போன்ற மற்றொரு பொருள் மெத்தனால். நிறத்திலும் மணத்திலும் இரண்டையும் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆலைகளில் பல பொருள்களைச் செய்யப் பயன்படும் மெத்தனால் மனிதன் உண்ணத்தக்கதன்று. உடலுக்குள் சென்றதும் அது முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அவ்வமிலம் கண்ணின் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. மிகுந்தால் உயிரையே பறிக்கிறது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்கூலிக்கு உழைத்து வீடு திரும்பியவர்கள் பலர் அதில் அடங்குவர். அவர்களை நம்பியிருந்த குடும்பங்கள் ஓரிரு நாட்களில் ஆதரவற்றுப் போயின.

மெத்தனால் 65 டிகிரியில் கொதிப்பதால் முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். உயிர்களைக் குடிக்கும் அரைகுறை அறிவு இது. நீரும் எத்தனாலும் மெத்தனாலும் ஒன்றோடொன்று முற்றும் கலந்துவிடும் பொருள்கள். ஓமத்தின் எண்ணெயும் நீரும் போல அவை தனித்து நிற்பதில்லை. எனவே அக்கலவையைக் கொதிக்க வைத்தால், முதற்சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரையில் மெத்தனால் சிறிது சிறிதாக வந்துகொண்டேயிருக்கும். எரித்துச் சுடரின் நிறத்தைப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனையன்று. கலப்படமாக ஊற்றப்பட்ட மெத்தனாலை எந்த வீட்டு வாலையும் பிரித்துத் தராது. அத்தகைய நஞ்சை அருந்தியவருக்குப் பார்வை மங்குதல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை பல மணி நேரம் கழித்தே தோன்றலாம். அப்பொழுது அஞ்சி மறைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் காக்க வழியுண்டு. மாற்று மருந்து இருக்கிறது. காலந்தாழ்த்தினால் அம்மருந்து பயன்படாது.

இவ்வளவையும் கேட்ட மாணவர்கள், வாலையே வேண்டா என்று எண்ணிவிடலாகாது. தொடக்கத்துக்கு ஏற்ற வாலை ஒன்றைக் கூறுகிறேன். அகன்ற தட்டில் உப்பு நீரை ஊற்றுங்கள். நடுவில் ஒரு சிறு கிண்ணத்தை வையுங்கள். தட்டின் மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை மூடிக் கட்டி, தாளின் நடுவில், கிண்ணத்துக்கு நேராக ஒரு சிறு கூழாங்கல்லை வைத்து வெயிலில் விட்டுவிடுங்கள். மாலையில் கிண்ணத்தில் உப்பற்ற நீர் சிறிது சேர்ந்திருக்கும். இதில் தீ இல்லை, அழுத்தம் இல்லை, வடிப்பின் தத்துவம் முழுவதும் உண்டு. சிலி நாட்டுப் பாலைவனத்தில் லாஸ் சலீனாஸ் என்னுமிடத்தில் 1872-இல் இதே முறையைப் பெரிதாக்கி, சுரங்கத்தில் உழைத்தவர்களுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் குடிநீர் வழங்கினார்கள். அதன் பின்னர் கண்ணாடி வாலையை ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் கையாளுங்கள். செம்பு வாலைக்கு அவசரமில்லை.

இலட்சத்தீவிலுள்ள கவரத்தித் தீவில் 2005-இல் ஒரு பெரிய வாலை இயங்கத் தொடங்கியது. அதை அமைத்தவர்கள் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார். அங்கே அடுப்பு இல்லை. காற்றை நீக்கிய கலத்தினுள் வெதுவெதுப்பான மேற்கடல் நீரைப் பாய்ச்சினால், அழுத்தம் குறைந்திருப்பதால் அந்தச் சிறு வெப்பத்திலேயே ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. கடலின் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீர் அந்த ஆவியை நன்னீராக்குகிறது. நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் குடிநீர் தருமாறு அது அமைக்கப்பட்டது. ஆவிக்கு வழியும், சூட்டுக்குப் போக்கிடமும், காத்திருக்கும் ஆளும், பானையில் இருப்பதைப் பற்றிய அறிவும் அங்கும் வேண்டும். தஞ்சைப் பகுதி முதியவர் தம் திண்ணையில் கேட்ட நான்கு கேள்விகளுக்கு அப்பொறியாளர்களும் விடை கண்டிருக்கிறார்கள்.

அக்கேள்விகளை உங்களிடமும் ஒப்படைக்கிறேன். தீ மூட்டுவதற்கு முன் அவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டியதில்லை.